நாலாம் பாட்டின் மூச்சு

“உனக்கு வராதுடி, விடு,” என்றாள் அக்கா. “மூச்சு இழுக்கறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்.”

சனிக்கிழமை காலை எட்டரை மணி. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அக்காவிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எட்டுப் பேர் முன்னறையில் வரிசையாக நின்றிருந்தார்கள். அக்கா விரலைச் சொடுக்கினால் ஒரு வரி பாட வேண்டும். இரண்டாம் சொடுக்கில் வாயால் மூச்சை இழுத்து, பாதி வழியில் அதை லேசாகத் தடுக்கவிட்டு, அடுத்த வரிக்குள் இறங்க வேண்டும். எட்டுப் பேரும் ஒன்றாக இழுத்தபோது பஸ் கதவு திறக்கிற சத்தம் வந்தது. வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தங்கை, தன்னை அறியாமல் அவர்களோடு சேர்ந்து இழுத்துவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பாராட்டு.

“ஸ்டுடியோவுல இத்தனை வருஷமா குப்பை கொட்டறே. அந்த நாலாம் பாட்டு மூச்சை ஒரு தடவையாவது ஒழுங்கா இழுத்திருக்கியா?”

“ஒரே ஒரு தடவை இழுத்திருக்கேன்.”

“எப்போ, தூக்கத்துலயா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே பழைய நோட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. இருந்தது. ஜிப்பை மூடிவிட்டுப் படியிறங்கினாள். கீழ்ப்படியில் நின்று நாலாவது தடவை பார்த்தாள்.

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் கத்தரி. கத்தரிக்கோலைச் சுருக்கி வைத்த பெயர். பாடகர்கள் பாடி முடித்த பதிவிலிருந்து மூச்சுச் சத்தம், எச்சில் சத்தம், கனைப்பு, வளையல் ஒலி எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது அவள் வேலை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாட்டில் மூச்சு கேட்பது, சட்டைக்கு வெளியே நூல் தொங்குவது மாதிரி. யாராவது பார்ப்பதற்குள் வெட்டிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் பாடகி திரும்பி வந்தார். ஒரு காலத்தில் ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய குரல். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் பன்னிரண்டு வருஷம் ஒரு பாட்டும் இல்லை. ஆள் அவ்வளவுதான் என்று எல்லோரும் கணக்கை முடித்துவிட்டிருந்தபோது, ‘இன்னும் இருக்கேன்’ என்று ஓர் ஆல்பம் போட வந்து நின்றார். காலையில் நாற்பது நிமிஷம்தான் அவர் தொண்டை தாங்கும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு வரி. ஒரு வரி பாடுவார், வெந்நீர் குடிப்பார், அடுத்த வரி பாடுவார். நாற்பது காலைகளில் சேர்ந்த துண்டுகளை ஒட்டி முழுப் பாட்டாக ஆக்குவது கத்தரியின் வேலை. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது.

நாலாம் பாட்டில் ஒரு சிக்கல். ‘கதவைத் தட்டினது நான்தான்னு சொல்லு’ என்று ஆறாம் வரி நீண்டு முடியும். ‘உள்ளே இருந்ததும் நான்தான்னு சொல்லு’ என்று ஏழாம் வரி தொடங்கும். இரண்டையும் ஒட்டினால், மனுஷப் பிறவி பாடுகிற மாதிரியே இல்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி வரிகள் நெட்டுக்குத்தாக நின்றன. நடுவில் ஒரு மூச்சு இருந்தால்தான் உயிர் வரும். பாடகியின் துண்டுகளிலிருந்து வெட்டியெடுத்த மூச்சுகளை அவள் தூக்கி எறியாமல் ‘மேடம் 1’, ‘மேடம் 2’ என்று அறுபத்து மூன்றுவரை எண்போட்டு வைத்திருந்தாள். எதுவும் அந்த ஒன்றரை விநாடி இடைவெளியில் அடங்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரத்தில், மறுநாள் பாடகி வந்து இழுக்கும்வரை இடம் பிடித்து வைப்பதற்காக, அவளே மைக் முன் நின்று ஒரு மூச்சை இழுத்து அங்கே வைத்தாள். அன்று அவளுக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்ததால் வாயால் இழுத்தாள். பாதியில் மூச்சு சளியில் தடுக்கிவிட்டது.

அந்தத் துண்டுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தாள். அவள் வழக்கத்தில் மஞ்சள் என்றால் தற்காலிகம், மாற்ற வேண்டும். மறந்துவிடக்கூடாது என்று நோட்டிலும் எழுதினாள். பிறகு அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலையே காய்ச்சல். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. கடைசி வேலையைப் பார்த்தவர் மூத்த என்ஜினியர், ஸ்டுடியோவில் எல்லோருக்கும் மாமா. அவர் வழக்கத்தில் மஞ்சள் என்றால் முடிந்தது, கை வைக்காதே. துண்டின் பெயரை அவர் படிப்பதில்லை, நிறத்தை மட்டும்தான் பார்ப்பார். அவர் கை வைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் திரும்பி வந்தபோது ஆல்பம் வெளியே போய்விட்டிருந்தது.

மாமாவிடம் சொல்ல வாயெடுத்தாள். “நல்லா வந்திருக்கும்மா, அந்த ஒரு மூச்சு போதும்,” என்றார் அவர். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் பாடகி டிவியில் சொன்னார்: “அந்த மூச்சை இழுத்தப்பதான் நான் உயிரோட இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது.” அதன்பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஆல்பம் ஓடியது, ஓடியது, இன்னும் நிற்கவில்லை. அதற்குப்பின் வந்த பாடகர்கள் மூச்சை மறைப்பதை விட்டார்கள். பாட்டு வகுப்புகளில் ‘நாலாம் பாட்டு மூச்சு’ ஒரு பாடமாகவே ஆனது. ஒரு மெத்தை விளம்பரத்தில் அது வந்தது. அந்தத் தடுக்கலில் பன்னிரண்டு வருஷ வேதனை அடங்கியிருக்கிறது என்று ஒருவர் புத்தகமே எழுதினார். கத்தரியின் வேலையும் தலைகீழானது. “அக்கா, இந்த இடத்துல அந்த மாதிரி ஒரு மூச்சு வெச்சுடுங்க,” என்று நேற்றுப் பாட வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். வெட்டிக்கொண்டிருந்தவள் ஒட்டத் தொடங்கினாள்.

கொஞ்ச காலம் கழித்து அவளுக்கே சந்தேகம் வந்தது. மாமா கடைசி நேரத்தில் மாற்றியிருந்தால்? நோட்டில் எழுதியதே காய்ச்சலில் வந்த நினைப்பாக இருந்தால்? கேட்கலாமென்றால் மாமா இப்போது இல்லை. மூலப் பதிவு இருந்த ஹார்டு டிஸ்க்கோ கம்பெனிக் கிடங்கில் பூட்டிக் கிடந்தது.

அது நேற்றுத்தான் வெளியே வந்தது. அடுத்த மாதம் ஆல்பத்துக்கு இருபது வருஷம். பெரிய கச்சேரி, கூடவே ஆல்பத்தின் புதுப் பதிப்பு. அதற்கு முன் நாலாம் பாட்டில் வாத்தியங்கள் இல்லாமல் தன் குரலை மட்டும் கேட்க வேண்டும் என்று பாடகி சொல்லியனுப்பியிருந்தார். இன்று மூன்று மணிக்கு வருகிறார்.

ஒன்பதே முக்காலுக்கு ஸ்டுடியோ திறந்ததும் கத்தரி டிஸ்க்கை இணைத்தாள். முதல் தடவை திறக்கவில்லை. மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. இரண்டாம் தடவை திறந்துகொண்டது. நாலாம் பாட்டு. ஆறாம் வரி. ஏழாம் வரி. நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் துண்டு. அதன்மேல் எழுதியிருந்தது: ‘கத்தரி தற்காலிகம்’.

நினைப்பு இல்லை. நிஜம்தான்.

அவள் எழுந்தாள், ஏசியைக் குறைத்தாள், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஏசியைக் கூட்டினாள். பெயரை மாற்ற எவ்வளவு நேரமாகும்? ‘மேடம் 64’ என்று அடித்தாள். பார்த்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். பிள்ளைகளுக்கு அக்கா சொடுக்குப் போடுவதுபோலக் கை தானாகப் போய்ப்போய் வந்தது. நாலு தடவை மாற்றி நாலு தடவையும் பழையபடி வைத்தாள். கொண்டுவந்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இரண்டரை மணிக்குப் பாடகியின் தம்பி மட்டும் முதலில் வந்தார். தன் அக்காவின் கச்சேரி, பயணம், மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா கச்சேரி வேண்டாங்கறாங்க.”

“ஏன் சார்? உடம்புக்கு ஏதாவது...”

“உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அந்த மூச்சு வரல. அதான்.” அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இப்பன்னு இல்ல, எப்பவுமே வரல. மேடையில அந்த இடம் வந்தா மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிடுவாங்க, பாத்திருக்கியா? கூட்டமே மூச்சு இழுக்கும். எல்லாரும் அதை ஸ்டைலுன்னு நினைச்சாங்க. வீட்ல தனியா உக்காந்து இழுத்து இழுத்துப் பாப்பாங்க. வராது. அப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேச்சு கிடையாது. இருபது வருஷமா இதே கதை. இன்னிக்கு அதைத் தனியாக் கேக்கப்போறாங்க. கேட்டும் வரலைன்னா, பாட்டையே விட்டுடப் போறாங்களாம்.”

கத்தரி திரையை அவர் கண்ணில் படாதபடி திருப்பி வைத்தாள். தன் வேலை போகும், ஊர் சிரிக்கும், வீட்டில் அக்கா சிரிப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் பயந்திருந்தாள். மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டுவதை அவளும் பார்த்திருக்கிறாள். கைகூடத் தட்டியிருக்கிறாள்.

மூன்று மணிக்குப் பாடகி வந்தார். அறுபத்தொரு வயது. ஒரு கையில் கைத்தடி மாதிரி மடக்கிய குடை, மறுகையில் அதே வெந்நீர் ஃபிளாஸ்க்.

“என்ன கத்தரி, இன்னும் கூரா இருக்கியா, இல்ல துரு புடிச்சுட்டியா?”

“துருதான் மேடம்.”

“நல்லது. எனக்குத் துணை ஆச்சு.” தம்பியைப் பார்த்து, “நீ வெளியில இரு. நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா எனக்குக் காது கேக்காது,” என்றார்.

ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கத்தரி பாட்டை ஓடவிட்டாள். ஆறாம் வரி, மூச்சு, ஏழாம் வரி. “இன்னொரு தடவை.” ஓடவிட்டாள். ஆறு தடவை. ஏழாம் தடவை பாடகியும் கூடவே முணுமுணுத்தார். ஆறாம் வரியை முடித்து, வாயைத் திறந்து இழுத்தார். எங்கோ இடறியது. ஏழாம் வரிக்கு அவரால் போக முடியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பாரு, அப்போ ஆபரேஷன் பண்ணின தொண்டை. அதுலயே எப்படி இழுத்திருக்கேன். இருந்தது போச்சு. ஒத்துக்க வேண்டியதுதானே? தம்பியைக் கூப்பிடு.”

“மேடம், அது நீங்க இல்ல.”

“அதைத்தான் நானும் சொல்றேன். அந்தப் பொம்பளை வேற.”

“இல்ல மேடம். அது நான்.”

பாடகி அவளை நிமிர்ந்து பார்த்தார். கத்தரி திரையைத் திருப்பி மஞ்சள் துண்டைக் காட்டினாள். பிறகு பையைத் திறந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். பாடகி சத்தமாகப் படித்தார்.

“பாட்டு நாலு. வரி ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என் மூச்சு. ஜலதோஷம், நன்றாக வரவில்லை. நாளை மேடம் வந்ததும் மாற்ற வேண்டும். மறக்காதே.” ‘மறக்காதே’ என்பதன் கீழ் இரண்டு கோடு இருந்தது. “ஜலதோஷமா?”

“ஆமா மேடம்.”

“பன்னெண்டு வருஷ வேதனைன்னு ஒருத்தன் புஸ்தகம் எழுதினானேடி!”

சிரிப்பாரோ என்று கத்தரி ஒரு கணம் நம்பினாள். பாடகி சிரிக்கவில்லை. முகம் சிவந்தது.

“எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா உனக்கு? இருபது வருஷம். தினம் காலையில எழுந்து என்னையே நான் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“டிவியில நீங்க, அப்பத்தான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி மேடம்...”

“நான் ஆயிரம் சொல்வேன்! மூஞ்சிக்கு நேரா மைக்கை நீட்டி ‘எப்படி இருந்துது’ன்னு கேட்டா வேற என்னத்தைச் சொல்ல?” குடையால் மைக் அறையைக் காட்டினார். “போ. இழு. பாக்கறேன்.”

கத்தரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன் நின்றாள். இழுத்தாள். காற்றுப்போன பலூன் சத்தம் வந்தது. மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை இருமல் வந்துவிட்டது.

“இது இல்லையே,” என்றார் பாடகி, பேசும் பொத்தானை அமுக்கி.

“எனக்கும் வராது மேடம். வராதுன்னு காலையிலகூட எங்க அக்கா சொன்னா.”

கண்ணாடி வழியே பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே நடைபாதையில் குடை தட்டும் சத்தம் அந்தக் கோடிவரை போனது, திரும்பியது, மறுபடி போனது. கத்தரி மேஜைக்கு வந்தாள். ஃபிளாஸ்க் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதா, அவரே வருவாரா? கொடுக்கப் போனால் விரட்டுவது மாதிரி ஆகும். போகாவிட்டால் திமிர் மாதிரி ஆகும். ஃபிளாஸ்க்கைக் கையில் தூக்கியபடி நின்றாள். கீழே வைத்தாள். நோட்டை மூடினாள், திறந்தாள்.

கதவு திறந்தது. பாடகி ஃபிளாஸ்க்கை எடுத்தார். போகவில்லை. மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்தார்.

“என்னோடது எங்கே?”

“எது மேடம்?”

“என் மூச்சு. நாப்பது நாள் பாடினேனே. மூச்சே விடாமயா பாடினேன்?”

இருந்தது. அதே டிஸ்க்கில், எண்போட்டு, அறுபத்து மூன்று. கத்தரி ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். பாடகி இதுவரை அவற்றைக் கேட்டதே இல்லை; வெட்டிய பிறகுதான் அவர் காதுக்கு எதுவும் போகும். முதலாவது, கதவுக் கீல் மாதிரி. ஏழாவது, அழுது முடித்த குழந்தை மாதிரி. சிலவற்றில் ஃபிளாஸ்க் மூடி ‘கிளிங்’ என்றது. ஒன்றில் பாடகியே “ஐயோ, செத்தேன்” என்று சொல்வதும் கேட்டது. அதற்கு மட்டும் அவர் வாயோரம் கொஞ்சம் வளைந்தது. முப்பத்தெட்டாவது விசில் போலத் தொடங்கி, நடுவில் அப்படியே நின்று, பிறகு பயந்துகொண்டே மிச்சத்தை இழுத்தது.

“இது எந்த இடத்துல?”

“இதே இடம்தான் மேடம். ஆறாம் வரிக்கு அப்புறம்.”

“பின்னே ஏன் வெக்கல?”

“ரெண்டேகால் விநாடி. தாளம் ஓடிடும். அதோட விசிலும் வேற.”

“வெச்சு ஓட்டு. வாத்தியத்தோட.”

வைத்தாள். தாளம் முன்னே போய்விட, ஏழாம் வரி, கிளம்பிய பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரி பின்னால் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறதா, கேவலமாக இருக்கிறதா என்று கத்தரிக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்து நான்கு வயதில் இதை வெட்டியது சரிதான் என்றுகூடத் தோன்றியது. “இன்னொரு தடவை,” என்றார் பாடகி. இந்தத் தடவை அவரும் பாடினார். ஆறாம் வரியின் கடைசிச் சொல்லில் விரல்கள் குடைப்பிடியை இறுக்கிக்கொண்டன. வாய் திறந்தது. விசில் வந்தது. நடுவில் நின்றது. மிச்சமும் வந்தது. அதே மூச்சு, இருபது வருஷம் கிழமாகியிருந்தது, அவ்வளவுதான். ஏழாம் வரி பின்னாலேயே வந்தது, எட்டாவதும் வந்தது. அவர் நிற்கவில்லை. பாட்டு முடிந்தபிறகுதான் நிறுத்தினார்.

“அட மூதேவி,” என்றார் பாடகி. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

தம்பியை உள்ளே கூப்பிட்டார். “கச்சேரி இருக்கு. வாசிக்கறவங்ககிட்ட சொல்லு, நாலாம் பாட்டுல ஆறாம் வரி முடிஞ்சா எனக்காக எல்லாரும் நிக்கணும். நான் வந்த அப்புறம்தான் தாளம்.”

“எவ்வளவு நேரம் நிக்கணும்க்கா?”

“எவ்வளவு நேரமானாலும். நின்னா கால் வலிக்கும்னா உக்காரச் சொல்லு.”

தம்பி எதுவும் புரியாமல், ஆனால் முகம் மலர்ந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். கத்தரி கேட்டாள்: “புதுப் பதிப்புல எதைப் போடறது மேடம்?”

“அது அப்படியே இருக்கட்டும். ஊருக்குப் பழகிப்போச்சு. மேடையில என்னோடது.” எழுந்து, திரையில் இருந்த மஞ்சள் துண்டைக் குனிந்து பார்த்தார். அதன் பெயருக்குப் பக்கத்தில், மாற்றுவதற்குத் தயாராக, கோடு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. “இந்தப் பேரை மாத்தாதே. யார் திறந்து பாத்தாலும் பாக்கட்டும். உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அதுக்கு எனக்கு நாள் ஆகும்.”

“எவ்வளவு நாள் மேடம்?” வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“நீ எவ்வளவு எடுத்துக்கிட்டே? நான் மட்டும் அவசரப்படணுமா?”

குடை தட்டும் சத்தம் நடைபாதையில் போய் லிஃப்டில் மறைந்தது.

மாலை ஆறு மணி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கத்தரி நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் சோபா பழைய இடத்துக்கு வந்திருந்தது. அக்கா அதில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

“வந்துட்டியா? சொல்லு, சொல்லு. தனியாக் கேட்டியா? எப்படி இழுத்தாங்க? அந்தத் தடுக்கல் தொண்டையில வருதா, நெஞ்சுல வருதா? திங்கட்கிழமை பிள்ளைங்களுக்குச் சொல்லணும்.”

“மூக்குல வருது.”

“மூக்குலயா? உளறாதே. வாயால இழுக்கற மூச்சு மூக்குல எப்படிடி தடுக்கும்?”

கத்தரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பையின் ஜிப்பைத் திறந்தாள். நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, அக்காவின் மடியில் விரித்து வைத்தாள்.

“என்ன இது, உன் கோழிக்கிறுக்கல்?”

“படி.”

“நீயே சொல்லித் தொலையேன்.”

“இல்லக்கா, நீ படி.” அவள் சோபாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். “சத்தமாப் படி.”

அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தேடிக் கையை நீட்டினாள்.